பேசி முடிக்காதீர்கள்

நெய்வேலி நகரியத்திலும் சுற்று ஊர்களிலும் உள்ள பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கு,

உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். சிலருக்கு நான் பாடமே எடுத்திருக்கிறேன். ஓய்வு பெற்று இப்போது இந்திரா நகரில் இருக்கிறேன். பள்ளி திறந்ததும் முதல் கூட்டத்துக்கு உங்களுக்கு அழைப்பு வரும். கட்டணம், சீருடை, வேன் நேரம், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி என்று பேச்சு ஓடும். அந்தக் கூட்டத்தில் யாரும் வாயெடுக்காத ஒன்றைப் பற்றி உங்களிடம் நேராகப் பேச வேண்டியிருக்கிறது. பெரியவர்கள் பிள்ளைகளிடம் தகாத முறையில் நடந்துகொள்வதைப் பற்றி. அது தெரியவந்த பிறகு நாம் எல்லோரும் கூடி உட்கார்ந்து அதைப் பேசி முடித்துவிடுவதைப் பற்றி.

முதலில் என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எந்தப் பள்ளி, எந்த வருஷம் என்று சொல்லமாட்டேன். அந்தப் பெண் இன்று எங்கோ நல்லபடியாக இருக்கிறாள், அவளை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது. ஆறாம் வகுப்பு. நான் வகுப்பாசிரியை. வியாழக்கிழமை தோறும் அவளுக்கு வயிற்று வலி வரும். சாப்பாட்டு இடைவேளை முடியும் நேரத்தில் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நிற்பாள், இரண்டு கையாலும் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு. என் மேஜை டிராயரில் ஓமத்திண்ணீர் பாட்டில் இருக்கும். ஒரு மூடி ஊற்றிக் கொடுத்து, பெஞ்சில் படுக்கச் சொல்வேன். வலி பத்து நிமிஷத்தில் போய்விடும், முகத்தைப் பார்த்தாலே தெரியும். ஆனாலும் ஆறாவது பீரியடு முடிந்து மணி அடிக்கும் வரை எழுந்திருக்க மாட்டாள். "கிளாஸுக்குப் போக மடி, நடிக்குது" என்று கூட வேலை பார்த்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டைம்டேபிள் என் தலைக்கு மேலே சுவரில்தான் ஒட்டியிருந்தது. வியாழக்கிழமை ஆறாவது பீரியடு யாருடையது என்று நான் ஒரு நாள்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

அரையாண்டுத் தேர்வு முடிந்து அவளுடைய அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அப்பா சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. தலைமையாசிரியர் அறையில் நாங்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். டீ வந்தது. அவருக்கும் ஒரு கிளாஸ் வைத்தார்கள், ஒரு நாற்காலியும் காட்டினார்கள். அவர் உட்காரவில்லை, டீயைத் தொடவும் இல்லை. "பொம்பளப் புள்ள, நாளைக்கு அதுக்குத்தான் பேரு கெட்டுப்போகும்" என்றார் ஒருவர். "போலீஸு, கோர்ட்டுன்னு அலைய உங்களால முடியுமா?" என்றார் இன்னொருவர். "நீங்க பாத்து எது செஞ்சாலும் சரிங்க சார்" என்றார் அப்பா. கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. அந்த அம்மா மட்டும் கிளம்பும்போது என்னைப் பார்த்தாள். டி.சி. வாங்கிக்கொண்டு பிள்ளையைப் பாட்டி ஊருக்கு அனுப்பினார்கள். வியாழக்கிழமை ஆறாவது பீரியடு எடுத்த அந்த மனிதர் அந்தக் கல்வியாண்டு முடியும் வரை பாடம் எடுத்தார். பிறகு வேறு பள்ளிக்குப் போனார், நாங்கள் சால்வை போர்த்தி வழியனுப்பினோம். அந்தக் குரூப் போட்டோவில் இரண்டாவது வரிசையில் நான் நிற்கிறேன்.

புதுப் பள்ளியில் அவர் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளைப் பற்றி நினைக்காத நாளில்லை.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் அப்போது கிடையாது. 2012 நவம்பர் 14 அன்றுதான் அது நடைமுறைக்கு வந்தது. இன்று அதே அறையில் அதே பேச்சைப் பேசினால், உள்ளே உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள். அதன் 19ஆம் பிரிவைத் தயவுசெய்து கூட்டத்தில் உரக்கப் படியுங்கள். ஒரு குழந்தையிடம் இப்படி நடந்திருக்கிறது என்று தெரிந்தவரோ, நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரோ யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஆசிரியர், பெற்றோர், ஆயா, வாட்ச்மேன், வேன் டிரைவர் எல்லோருக்கும் அந்தக் கடமை உண்டு. சொல்லாமல் இருந்தால் 6 மாதம் வரை சிறை என்கிறது 21ஆம் பிரிவு. ஒரு நிறுவனத்துக்குப் பொறுப்பானவர் தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தைச் சொல்லாமல் விட்டால் 1 வருஷம் வரை.

"உண்மையா பொய்யா என்று நாமே விசாரித்துவிட்டுப் பிறகு பார்க்கலாம்" என்பீர்கள். உங்களை யாரும் விசாரிக்கச் சொல்லவில்லை. பிள்ளை சொன்னதை அதே வார்த்தையில் எழுதிக் கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு உங்கள் வேலை முடிந்தது. நாலு பேர் மாற்றி மாற்றிக் கேட்டால் அது பயந்துபோய்ச் சொன்னதையே மாற்றிச் சொல்லும். "பாத்தீங்களா, முன்னுக்குப் பின் முரணா பேசுது" என்பார்கள். நல்லெண்ணத்தில் தகவல் சொன்னவர் மேல் வழக்கு எதுவும் வராது என்று அதே 19ஆம் பிரிவு பாதுகாப்பும் தருகிறது.

நமக்கு இது புரியாத பாடம் இல்லை. நம் ஊர்க்காரருக்குப் பாதுகாப்பு என்றால் என்ன என்று வெளியூர்க்காரர் சொல்லித்தர வேண்டியதில்லை. ஹெல்மெட்டும் பூட்ஸும் இல்லாமல் சுரங்கத்துக்குள் இறங்க விடமாட்டார்கள் என்பது இங்கே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும், அப்பா கிளம்புவதைத் தினமும் பார்க்கிறது. கன்வேயர் பெல்ட் ஓரத்துத் தடுப்பு கழன்று கிடந்தால், யாருக்கும் அடிபடாவிட்டாலும் அதைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் மைன்ஸ் பேர் கெட்டுவிடும் என்று யாரும் வாயை மூடிக்கொள்வதில்லை. மூடிக்கொண்டால் அடுத்த ஷிப்டில் வருகிறவர் கை போகும் என்று தெரியும். 2020 மே 7 அன்று இரண்டாம் அனல்மின் நிலையத்தில் பாய்லர் வெடித்தது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 1 அன்று அதே நிலையத்தில் இன்னொரு பாய்லர். அன்று நாம் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டோம்: முதல் வெடிப்பிலேயே விழித்திருக்கக் கூடாதா? அதே கேள்வியைப் பள்ளிக்கூட வாசலில் நாம் கேட்டதே இல்லை. அங்கே முதல் தடவையைப் பேசி முடித்துவிடுகிறோம். இரண்டாவது தடவை வேறு ஒரு வீட்டுப் பிள்ளைக்கு நடக்கிறது.

ஏன் நமக்கு வாய் வரவில்லை என்று நிறைய யோசித்திருக்கிறேன். நம்மில் பாதிப் பேருக்கு இங்கே சொந்தபந்தம் கிடையாது. வேலைக்கு வந்து, குவாட்டர்ஸ் கிடைத்து, பக்கத்து வீட்டாரே மாமா, அத்தை ஆனவர்கள். அது இந்த ஊரின் பெரிய சொத்து, அதை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். என் பிள்ளைகள் அப்படித்தான் வளர்ந்தார்கள். ஆனால் அந்த நெருக்கமே ஒரு இக்கட்டான நேரத்தில் நம் கழுத்தைப் பிடிக்கிறது. யார் மேல் புகார் சொல்ல வேண்டுமோ அவர் உங்கள் கணவரோடு ஒரே செக்‌ஷனில் வேலை பார்ப்பவராக இருப்பார். உங்கள் சொசைட்டி கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவராக இருப்பார். ஒரே யூனியனாக இருப்பார். டியூஷனுக்கு அனுப்புவது அவர் வீட்டுக்குத்தான். வேலுடையான்பட்டுப் பங்குனி உத்திரத்தில் அவர் குடும்பமும் உங்கள் குடும்பமும் சேர்ந்தே காவடி பார்க்கப் போயிருப்பீர்கள். மறுநாள் மெயின் பஜாரில் அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

கான்ட்ராக்ட் தொழிலாளி வீட்டுக்கு இன்னொரு பயமும் இருக்கிறது, வேலை. மந்தாரக்குப்பத்திலிருந்தோ வடக்குத்திலிருந்தோ பிள்ளையை நல்ல பள்ளியில் சேர்க்க அந்த வீடு என்ன பாடுபட்டிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த அப்பா நாற்காலியில் உட்காராமல் நின்றதன் அர்த்தம் எனக்குப் புரியவே பல வருஷம் ஆயிற்று. நிரந்தரத் தொழிலாளி பிள்ளை சொன்னால் ஒரு காது, கான்ட்ராக்ட் தொழிலாளி பிள்ளை சொன்னால் இன்னொரு காது என்று நம் பள்ளிகளில் இருக்கிறதா இல்லையா என்று நீங்களே நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

இது எங்கோ பட்டணத்தில் நடப்பது என்று நினைக்காதீர்கள். நமக்கு அடுத்த ஊரான விருத்தாசலத்தில் 2023 ஏப்ரலில் ஒரு தனியார் பள்ளி நடத்தியவர், நகராட்சிக் கவுன்சிலராகவும் இருந்தவர், தன் பள்ளியில் படித்த சின்னஞ்சிறு குழந்தையிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாகப் போக்சோவில் கைதானார். சட்டமன்றம் வரை அது பேசப்பட்டது. அதற்கும் முன்னால் நம் மாவட்டத்தின் திட்டக்குடி. 2014இல் வெளிவந்த வழக்கு, இரண்டு பள்ளிச் சிறுமிகள். 2019 ஜனவரியில் கடலூர் மகளிர் நீதிமன்றம் 16 பேரைக் குற்றவாளிகள் என்றது. அதில் ஒரு மத போதகரும் உண்டு. 16 பேர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் அவர்களைச் சுற்றியிருந்த எத்தனை பேர் காதில் விழுந்திருக்கும்? எத்தனை பேர் நமக்கெதற்கு வம்பு என்று போயிருப்பார்கள்?

2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றில் என்.சி.சி. முகாம் என்று சொல்லி ஒரு முகாம் நடந்தது. நடத்த வந்தவருக்கும் என்.சி.சி.க்கும் சம்பந்தமே இல்லை. நம்பி அனுப்பிய பெற்றோருக்கு அது தெரியாது. பள்ளி ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அங்கே பாதிக்கப்பட்ட மாணவி பள்ளி முதல்வரிடம் சொன்னாள் என்றும், பெரிதுபடுத்த வேண்டாம் என்று பதில் வந்தது என்றும் போலீஸ் சொன்னது. முதல்வரும் தாளாளரும் கைதானார்கள். கோவையில் 2021 நவம்பரில் ஒரு மாணவி உயிரை விட்டபோதும் ஆசிரியரோடு சேர்த்துப் பள்ளி முதல்வரும் கைது செய்யப்பட்டார், தெரிந்தும் சொல்லவில்லை என்று. அதே வருஷம் மே மாதம் சென்னை கே.கே. நகரில் ஒரு பெரிய பள்ளியின் ஆசிரியர் கைதானதற்குக் காரணம் நிர்வாகம் எடுத்த நடவடிக்கை இல்லை. முன்னாள் மாணவிகள் இன்ஸ்டாகிராமில் எழுதினார்கள். பிள்ளைகள் படித்து முடித்து வெளியே போய், தைரியம் வந்த பிறகுதான் சொல்ல முடிந்தது என்றால் அத்தனை வருஷம் அந்தக் கட்டடத்துக்குள் அவர்கள் யாரை நம்பியிருக்க முடியும்?

நல்லபடி நடந்ததையும் சொல்ல வேண்டும். 2025 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத்து அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பு மாணவி பல நாளாக வரவில்லை. ஏன் வரவில்லை என்று விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மூன்று ஆசிரியர்கள் கைதானார்கள். வருகைப் பதிவேட்டில் தொடர்ந்து விழுந்த ஆப்சென்ட்டைப் பார்த்து ஒருவர் கேட்ட கேள்வி அது. நான் என் தலைக்கு மேலிருந்த டைம்டேபிளைப் பார்த்துக் கேட்காத கேள்வி.

பேசி முடிப்பதைப் பற்றி உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ராஜஸ்தானில் ஒரு ஆசிரியர் மேல் வந்த புகாரில், மாணவியின் அப்பாவும் ஆசிரியரும் சமாதானமாகிவிட்டார்கள் என்று உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைத் தள்ளியது. இது இரண்டு பேர் பேசித் தீர்த்துக்கொள்ளும் சொந்த விவகாரம் ஆகாது என்றது. அதற்கு இரண்டு வருஷம் முன்பு, மகாராஷ்டிரத்தில் ஒரு பள்ளி விடுதிப் பிள்ளைகளின் வழக்கில், தெரிந்தும் தகவல் தராமல் இருப்பதே கடும் குற்றம், அது குற்றவாளியைக் காப்பாற்றும் முயற்சி என்று சொன்னது. அப்பாவே கையெழுத்துப் போட்டாலும் செல்லாது என்று ஆன பிறகு, டீ கிளாஸ் முன்னால் நாம் என்ன அதிகாரத்தில் தீர்ப்பு எழுதுகிறோம்?

ஆசிரியர்களே, உங்கள் பயமும் எனக்குத் தெரியும். முக்கியமாக ஆண் ஆசிரியர்கள். "மார்க் குறைத்தால் பொய்ப் புகார் போடுவார்களே, பிள்ளை முதுகில் தட்டிக்கொடுக்கவே பயமாக இருக்கிறது" என்கிறீர்கள். நேர்மையாக உழைக்கும் ஆசிரியருக்கு அந்த வலி உண்மையானது. ஆனால் யோசித்துப் பாருங்கள். எழுத்தில் வராத புகார் ஸ்டாஃப் ரூமிலும் பஜாரிலும் வாட்ஸ்அப்பிலும் வருஷக்கணக்கில் சுற்றும். அதை நீங்கள் எந்த இடத்தில் போய் மறுப்பீர்கள்? முறையாகப் போன புகாருக்குத்தான் முறையான முடிவும் உண்டு. வேண்டுமென்றே அவதூறாகப் புகார் கொடுக்கும் பெரியவர்களுக்குத் தண்டனை தர 22ஆம் பிரிவு இருக்கிறது. குழந்தைக்கு மட்டும் அதில் தண்டனை கிடையாது, இருக்கவும் கூடாது.

பெற்றோர்களே, பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயம் இது என்று நினைக்காதீர்கள். 2007இல் மத்திய அரசு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில் 53.22 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் பாதிக்கு மேல் ஆண் பிள்ளைகள். செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், அது நம்பியிருந்தவர்கள். முன்பின் தெரியாதவன் மிட்டாய் கொடுத்தால் வாங்காதே என்று சொல்லிக் கொடுத்துவிட்டுத் தெரிந்தவர் வீட்டுக்கு டியூஷனுக்கு அனுப்புகிறோம். கதவு திறந்திருக்கிறதா என்றுகூடப் பார்ப்பதில்லை.

பிள்ளை ஒருநாளும் உங்களிடம் வந்து முழுக் கதையாகச் சொல்லாது. "அந்த வேன்ல முன்சீட்டு வேணாம்மா" என்று சொல்லும். "கோச்சிங் நிறுத்திடவா?" என்று கேட்கும். வியாழக்கிழமை வயிறு வலிக்கும். அப்போது திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், காப்பாற்ற முடியாது. "நீ சொன்னது நல்லது, உன் மேல் தப்பே இல்லை" என்று மட்டும் சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்யுங்கள், எந்த நேரத்திலும் எடுப்பார்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417 இருக்கிறது. ஸ்டேஷனில் போய் ராத்திரியெல்லாம் உட்கார வேண்டியிருக்குமே என்று பயப்படாதீர்கள். வாக்குமூலத்தைப் பிள்ளை வீட்டிலோ அதற்குப் பிடித்த இடத்திலோ வாங்க வேண்டும், கூடியவரை பெண் சப்-இன்ஸ்பெக்டர், அதுவும் யூனிஃபார்ம் இல்லாமல். பிள்ளையை ராத்திரி ஸ்டேஷனில் வைக்கவே கூடாது. முதலில் எஃப்.ஐ.ஆர். கொண்டு வா என்று ஆஸ்பத்திரி சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாது. பிள்ளையின் பேர், பள்ளி, முகம் எதுவும் வெளியே வரக் கூடாது என்று சட்டமே காவல் நிற்கிறது. பேர் கெட்டுவிடும் என்று சொல்லி நம்மை அடக்கி வைத்தவர்கள் இதையெல்லாம் நமக்குச் சொல்லவில்லை.

இனி நான் கேட்பது.

முதல் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள். மினிட் புத்தகத்தில் எழுதி, தாளாளர், தலைமையாசிரியர், பெற்றோர் எல்லோரும் கையெழுத்திடுங்கள். இந்தப் பள்ளியில் ஒரு பிள்ளை இப்படி ஒன்றைச் சொன்னால் அது அன்றைக்கே போலீசுக்கோ 1098க்கோ போகும், யாரும் பேசி முடிக்கமாட்டோம், சம்பந்தப்பட்டவர் விசாரணை முடியும் வரை பிள்ளைகள் பக்கம் வரமாட்டார், அவரைச் சத்தமில்லாமல் வேறு பள்ளிக்கு அனுப்பிவைக்க மாட்டோம். இவ்வளவுதான். இதை எழுதக் கால் பக்கம் போதும்.

சென்னைச் சம்பவத்துக்குப் பிறகு பள்ளிகளில் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு அமைக்கச் சொல்லி 2021இல் தமிழக அரசு உத்தரவு போட்டது. உங்கள் பள்ளிக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். காகிதத்தில் மட்டும் இருந்தால் அன்றே புதிதாகத் தேர்ந்தெடுங்கள். எல்லோரும் ஒரே நிர்வாகத்தில் சம்பளம் வாங்குபவர்களாக இருக்க வேண்டாம். வெளியிலிருந்து ஒருவர் வரட்டும், கான்ட்ராக்ட் தொழிலாளி வீட்டு அம்மா ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். பிள்ளைகள் குறைகளை எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டி வைத்திருந்தால் அது எங்கே மாட்டியிருக்கிறது என்று போய்ப் பாருங்கள். ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் அறை வாசலில், பியூன் ஸ்டூலுக்கு நேர் எதிரே மாட்டியிருந்ததை நான் பார்த்தேன். எந்தப் பிள்ளை அங்கே நின்று சீட்டுப் போடும்? பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒன்று, ஆண் பிள்ளைகள் பக்கம் ஒன்று என்று மாற்றி வையுங்கள்.

2020ஆம் ஆண்டுப் போக்சோ விதிகள், பள்ளியில் பிள்ளைகளோடு பழகும் ஊழியர் ஒவ்வொருவரையும், நிரந்தரமோ ஒப்பந்தமோ, அவ்வப்போது போலீஸ் சரிபார்ப்புக்கு உட்படுத்தச் சொல்கின்றன. அந்தப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். டிரைவர், கோச், யோகா மாஸ்டர், முகாம் நடத்த வருபவர் பேரெல்லாம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பள்ளியிலிருந்து ஏன் வந்தார் என்று கேட்டு எழுதி வாங்கச் சொல்லுங்கள். அப்படி யாராவது ஒருவர் கேட்டிருந்தால் நாங்கள் போர்த்திய சால்வை அந்த மனிதருக்கு உதவியிருக்காது.

தீர்மானத்தைப் பிள்ளைகள் முன்னால் காலை வழிபாட்டில் படியுங்கள். சின்ன வகுப்புக்குப் புரிகிற தமிழில், மைக்கில், தலைமையாசிரியரே படிக்கட்டும். கடைசியாக ஒன்று. அந்தக் கூட்டத்தை வேலை நாள் காலையில் வைக்காதீர்கள். முதல் ஷிப்டு முடிந்து அப்பாக்கள் வீட்டுக்கு வந்து முகம் கழுவிக் கிளம்ப நேரம் கொடுத்து, சாயங்காலம் வையுங்கள். வருகிற எல்லோருக்கும் நாற்காலி போடுங்கள், அவர்கள் உட்கார்ந்த பிறகு பேச்சை ஆரம்பியுங்கள்.

உங்களில் ஒருத்தி,
ஓய்வுபெற்ற ஆசிரியை, நெய்வேலி